அஞ்சுகத்து வீட்டு முட்டுக்கம்பு

உக்காருங்க, உக்காருங்க. பையை நான் மடியில வச்சிக்கிறேன், எனக்கு ஒன்னும் சிரமமில்ல. முத்துப்பேட்டைக்கா? நான் அதுக்கு முன்னாடியே இறங்கிருவேன், கொத்தங்காட்டுல. கேள்விப்பட்டதில்லையா? யாரும் கேள்விப்பட்டதில்ல. கண்டக்டருகிட்ட ரெண்டு தடவ சொன்னாத்தான் அங்க நிப்பாட்டுவாரு. நான் ஒரு தடவதான் சொல்லிருக்கேன், நிப்பாட்டுவாரு பாருங்க. நீங்க டீச்சரா? பாத்தாலே தெரியுது. ரிடையர் ஆயிட்டீங்களா! குடுத்து வச்சவங்க.

என் பேரு எமல்டா. வீடு சரி பண்ணிக் குடுக்கிற ட்ரஸ்ட்டுல வேலை. புதுசா கட்டிக் குடுக்கிறதில்ல டீச்சர், அத முன்கூட்டியே சொல்லிடுறேன், இல்லன்னா எல்லாரும் எங்களுக்கும் ஒன்னு கட்டிக் குடுங்கம்பாங்க. இருக்குற வீட்டுல ஒழுவுற தளம், வெடிச்ச சுவரு, இத்துப்போன கதவு, இதத்தான் பாப்போம். ஏழைபாழைங்க வீடு மட்டும். பதினெட்டு வருஷ சர்வீஸ். போன ஐப்பசி வரைக்கும் நான்தான் திட்ட மேனேஜர், எனக்குக் கீழ ஒம்பது பேரு. இப்ப ஸ்டோர் ரூம் வாசல்ல ஒரு மேசையைப் போட்டு உக்கார வச்சிருக்காங்க. யாரு மம்பட்டி எடுத்துட்டுப் போனா, யாரு ஏணியைத் திருப்பிக் கொண்டாந்தான்னு நோட்டுல எழுதணும். எழுதுறேன். போன வருஷம் வரைக்கும் நான் வந்தா எந்திரிச்சு நின்ன பசங்க, இப்ப “மேடம், கடப்பாரை ஒன்னு”ன்னு கைய நீட்டுறானுங்க.

எதுக்குங்குறீங்க? ரெண்டு சவுக்குக் கம்புக்கு. நம்புவீங்களா?

கொத்தங்காடு காலனியில எல்லாமே தொகுப்பு வீடு. கவர்மெண்ட்டு என்னிக்கோ கட்டிக் குடுத்தது. ஒரு ரூம்பு, மேல காங்கிரீட் தளம், அவ்வளவுதான். முப்பது வருஷம் தாங்குச்சு. அப்புறம் உள்ள இருக்கிற கம்பி துரு ஏறி உப்பி, காரை பேந்து பேந்து விழ ஆரம்பிச்சிருச்சு. சோத்துத் தட்டுல விழும், தொட்டில்ல விழும். ஜனங்க என்ன செய்வாங்க? சவுக்குக் கம்ப வெட்டி, தளத்துக்கு அடியில ஒரு பலகையக் குடுத்து, கீழேருந்து முட்டுக் கொடுத்து நிறுத்திருவாங்க. அத சுத்தித்தான் சமையல், படுக்கை எல்லாம்.

அந்தக் காலனியை வசத்துக்குக் கொண்டாந்ததே நான்தான் டீச்சர். எனக்கு முன்னாடி வேற ஆளுங்க வந்து நாலு வருஷம் தொண்டை கிழியக் கத்திப் பாத்தாங்க, மொட்டைமாடியில வைக்கல் அடுக்காதீங்க, தண்ணி எறங்குது, தளம் கெட்டுப் போவுதுன்னு. எவன் கேட்டான்? நான் போனேன். ஒரே ஒரு மீட்டிங். “நாளைக்கு எவ வீட்டு மேல வைக்கல் கெடக்குதோ, அவ பேரு என் லிஸ்ட்டுல கெடையாது”ன்னேன். மறுநாள் போய்ப் பாக்குறேன், ஒரு துரும்பு இல்ல மேல! அத்தனையும் ரோட்டுல கெடக்கு. எமல்டா மேடம் ஒன்னு சொன்னா மறுபேச்சு கெடையாதுன்னு எங்க தலைவரே நாலு பேரு முன்னாடி சொல்லிருக்காரு. அப்ப இனிச்சுச்சு அவருக்கு.

அங்க அஞ்சுகம்னு ஒருத்தி. நடவு, களையெடுப்புன்னு கூலிக்குப் போறவ. நாப்பது வயசுதான், பாத்தா அம்பத்தஞ்சும்பீங்க. புருஷன் பேரு காத்தமுத்து. பனைமரத்துலேருந்து விழுந்து முதுகு போயிருச்சு, இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்ல. ஆறு வருஷமா கட்டில்லயே மல்லாக்கப் படுத்த படுக்கை. பாவம், அவன் உலகத்துல பாக்குறதே அந்தத் தளம் ஒன்னுதான். நான் போனா, “வாங்க மேடம், இன்னிக்குப் புதுசா ஒரு எடத்துல வெடிச்சிருக்கு பாருங்க”ன்னு கையக் காட்டுவான். எந்த வெடிப்பு எந்த மாசம் வந்துச்சுன்னு மனப்பாடமா சொல்லுவான். நல்ல பய. சிரிச்ச மொகம். சோத்துக்குக் கூட இல்லாத வீட்டுல, “மேடத்துக்கு டீ போடு”ம்பான்.

அவன் கட்டிலுக்கு நேரா மேலதான் தளம் ரொம்ப மோசம். தொப்பை மாதிரி தொங்கிக்கிட்டு நின்னுச்சு. அதுக்குத்தான் ரெண்டு கம்பு, கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒன்னு, அந்தப் பக்கம் ஒன்னு. கட்டில நகத்தி வைக்கக் கூடாதாங்குறீங்களா? நானும் அதைத்தான் கேட்டேன், இப்பவும் கேக்குறேன். இன்னொரு பக்கம் மழைன்னா கொட்டும், அங்கதான் அடுப்பும். படுக்கையில புண்ணு வந்தவன நனைய விட முடியுமான்னு கேட்டா அஞ்சுகம். சரி, அதுலயும் ஞாயம் இருக்கு.

அந்த வீட்டை எப்படியாச்சும் லிஸ்ட்டுல ஏத்திரணும்னு எனக்கு ஒரு வெறி. சத்தியமா சொல்றேன் டீச்சர், என் சொந்தக்காரங்களுக்குக் கூட நான் அப்படிப் பண்ணதில்ல. ஆனா எங்க ரூல் இருக்கே! ‘ஏ’, ‘பி’, ‘சி’ன்னு மூணா பிரிப்போம். ‘ஏ’ன்னா சின்ன வேலை. ‘பி’ன்னா தளத்த சுரண்டி, கம்பிய சுத்தம் பண்ணி, திரும்ப சிமெண்ட்டு அடிக்கிறது. ‘சி’ன்னா இடிக்க வேண்டிய வீடு. இடிக்க வேண்டிய வீட்டுக்கு நாங்க ஒரு செங்கல் கூட வைக்க மாட்டோம். கவர்மெண்ட்டுல புது வீட்டுக்கு எழுதிப் போடுன்னு ஒரு தாளக் குடுத்து அனுப்பிருவோம். அஞ்சுகம் எங்க எழுதிப் போடறது? பட்டா செத்துப்போன மாமனார் பேருல இருக்கு. அவருக்கு அஞ்சு புள்ளைங்க, ரெண்டு பேரு திருப்பூருல, ஒருத்தன் இருக்கானா இல்லையான்னே தெரியாது. அப்ப எங்கள விட்டா அதுக்கு நாதி கெடையாது. பி வந்தா வீடு. சி வந்தா போச்சு.

எங்க இன்ஜினியர் ஜவகருன்னு ஒரு பையன். நோட்டை நெஞ்சோட அணைச்சிக்கிட்டே திரிவான். உள்ள நுழைஞ்சதும் தளத்தப் பாக்க மாட்டான், தரையப் பாப்பான். தரையில முட்டுக்கம்பு ஊனியிருந்தா, சி. பேச்சே கெடையாது. “முட்டுல நிக்கிற தளம் ரிப்பேருக்குத் தாங்காது மேடம், ரூலு”ம்பான். ரூலாம் ரூலு! இவன் ரூலுக்குப் பயந்து எத்தன வீட்டக் கண்ணெதிர விட்டிருக்கேன் தெரியுமா?

அதனாலதான் சொன்னேன். அஞ்சுகத்தக் கூப்பிட்டு, “புதன்கிழமை காலையில இன்ஜினியர் வர்றாரு. செவ்வாக்கிழமை சாயந்தரமே அந்தக் கம்பு ரெண்டையும் உருவி வெளிய போட்டுரு. ஊனுன குழியை மண்ணு போட்டு மூடி மெழுகிரு. சுவத்துக்கு ஒரு சுண்ணாம்பு அடிச்சுரு. அவரு பாத்துட்டுப் போனதும் திரும்ப வச்சிக்க, ஒரு மணி நேரம்”னேன். நல்லதுக்குத்தானே சொன்னேன்? சொல்லுங்க, இதுல என் சுயநலம் எங்க இருக்கு? அது கையெடுத்துக் கும்புட்டுச்சு. காத்தமுத்து மட்டும் மேல பாத்துக்கிட்டே, “ஒரு மணி நேரம்னா தாங்கும் மேடம்”னான். அவனுக்குத் தெரியும்ல.

செவ்வாக்கிழமை மத்தியானம் எனக்கு போன் வருது. திருச்சியில களப்பணியாளர்களுக்கு ரெண்டு நாள் பயிற்சி, தலைமைப் பண்புன்னு தலைப்பு. பேச வேண்டியவரு வரல, எமல்டா மேடம்தான் வரணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. பெரிய எடம் டீச்சர், மூணு மாவட்டத்துக்காரங்க வர்றாங்க. மாட்டேங்க முடியுமா? ஆபீஸ் ஜீப்ப எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டேன். ஜவகருக்கு வண்டி இல்ல. சனிக்கிழமை போயிக்கிறேன்னுட்டான். பைக்குல போயிருக்கலாம். மழையாம். மழையில நனைஞ்சா கரைஞ்சிருவானா அவன்?

அஞ்சுகத்துக்குச் சொல்லாம இருப்பேனா? போன் போட்டேன். அதுக்குப் போன் கெடையாது, பக்கத்து வீட்டு மலர்க்கொடி நம்பருக்குத்தான் போடணும். ரிங்கு போவல. மழைன்னா அந்தப் பக்கம் டவரே இருக்காது. ஒரு தடவ போட்டேன். ஒரு தடவதான் போட்டேன், ஒத்துக்குறேன். விசாரணையிலயும் இதையேதான் கேட்டாங்க, “ஏன் ஒரு தடவ?”ன்னு. மேடையில நிக்கிறவ போனையே அமுக்கிக்கிட்டு இருக்க முடியுமா? அங்க எப்படிப் பேசுனேங்குறீங்க! அந்த வைக்கல் கதையத்தான் எடுத்து விட்டேன். ஒரே சொல்லுல ஒரு ஊரையே எப்படித் திருப்பினேன்னு. எந்திரிச்சு நின்னு கை தட்டுறாங்க டீச்சர்.

புதன்கிழமை போச்சு, வியாழக்கிழமை போச்சு. இன்ஜினியர் வரல, நானும் வரல. மனுசின்னா என்ன செய்யணும்? கம்ப எடுத்து வச்சிக்கணுமா வேணாமா? தலைக்கு மேல தொங்குதுல்ல? மலர்க்கொடி பொறவு எங்கிட்ட சொன்னா. காத்தமுத்து ராவும் பகலும் கெஞ்சுனானாம், “அஞ்சு, அந்தக் கம்ப வையேன், சத்தம் கேக்குது அஞ்சு, உள்ள நொறுநொறுங்குது”ன்னு. இவ என்ன சொன்னாளாம் தெரியுமா? “சும்மா கெடங்க. மேடம் வைக்காதன்னிருக்காங்க. வச்ச நேரம் பாத்து இன்ஜினியர் வந்துட்டாருன்னா வீடு போயிரும்.” மலர்க்கொடி புருஷன் கம்பத் தூக்கிட்டு வந்திருக்கான், நான் வச்சித் தர்றேன்னு. வாசல்ல கைய மறிச்சி நின்னாளாம். இந்தக் கூத்த எங்கயாச்சும் கேட்டிருக்கீங்களா? சொந்த புத்தின்னு ஒன்னு வேணாமா ஒரு பொம்பளைக்கு?

என்ன... ஒரு மணி நேரம்னுதானே சொன்னேன்னு கேக்குறீங்க. ஆமா, ஒரு மணி நேரம்தான். வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் பாத்து, “நான் சொல்ற வரைக்கும் கம்ப உள்ள கொண்டாராத. நேரங்காலம் இல்லாம வந்து நிப்பான் அவன்”னு சொன்னேன்னு நினைக்கிறேன். சொல்லியிருப்பேன். பத்து வீட்டுல பத்து பேச்சு பேசுறோம், எல்லாத்தையுமா ஞாபகம் வச்சிக்கிட்டு இருக்க முடியும்? அத அப்படியே புடிச்சிக்கிட்டு நிப்பான்னு நான் கண்டேனா?

வெள்ளிக்கிழமை காலையில மழை விட்டிருக்கு. நடவுக்கு ஆள் கூப்பிட்டாங்கன்னு போயிட்டா. புருஷனுக்குக் கஞ்சி குடுத்துட்டு, தலைமாட்டுல சொம்புல தண்ணி வச்சிட்டு, இன்ஜினியர் வந்தா வயலுக்கு ஆள் அனுப்புன்னு மலர்க்கொடிகிட்ட சொல்லிட்டுப் போயிருக்கா. பதினோரு மணிக்கு விழுந்துருச்சு. கட்டில் அளவுக்கு, கட்டில் மேலயே விழுந்துருச்சு. மாதாவே... நான் அப்பத்தான் திருச்சியிலேருந்து ஜீப்புல வந்துக்கிட்டு இருக்கேன். சால்வையெல்லாம் மடியில இருக்கு.

நேரா பெரியாஸ்பத்திரிக்கு ஓடுனேன். அஞ்சுகம் வராண்டாவுல உக்காந்திருக்கு. சேத்தக் கூடக் கழுவல, முழங்காலு வரைக்கும் வயலு காஞ்சு கெடக்கு. என் தலமுடியப் புடிச்சி உலுக்கப் போறான்னு நெனச்சேன். உலுக்கியிருந்தா கூட மனசு ஆறியிருக்கும் டீச்சர். என்னப் பாத்ததும் அவதி அவதியா எந்திரிச்சு, முந்தானைய இழுத்துச் சொருவிக்கிட்டு, “மேடம், இன்ஜினியர் வந்துட்டாரா? நான் வீட்டுல இல்லியே. பூட்டிக் கெடக்குன்னு போயிறப் போறாரு”ங்குது.

“இன்னும் வரல”ன்னு சொல்லிட்டு, டாக்டரப் பாக்க உள்ள போயிட்டேன்.

ரெண்டு நாள் கெடந்தான். ஞாயித்துக்கிழமை போயிட்டான்.

அதுக்கப்புறம் ஜவகர் போயிப் பாத்தான். என்ன எழுதுனான்னு கேளுங்க. சி. பாதித் தளம் கீழ கெடக்கு, வேற என்ன எழுதுவான்? அதோட விட்டானா? தரையில புதுசா மெழுகின ரெண்டு குழியப் பாத்திருக்கான். மோப்பம் புடிச்சிட்டான். முட்டு இருந்திருக்கு, ஆய்வுக்கு முன்னாடி எடுத்திருக்காங்க, எடுக்கச் சொன்னது யாருன்னு தெரியணும்னு மேல எழுதிப் போட்டுட்டான். எங்களுக்கு உதவி செய்யிற பெரிய கம்பெனி கைய மடக்கிருச்சு. இது தீர்ற வரைக்கும் ஒரு வீட்டையும் தொடாதேன்னுட்டாங்க. பாத்து முடிச்சு, ‘பி’ன்னு எழுதி வச்ச வீடு நாப்பத்து மூணு டீச்சர்! பத்து மாசமா அப்படியே நிக்குது. அத்தன பேரும் எங்க ஆபீஸ் வாசல்ல வந்து உக்காந்துக்கிட்டு, ஸ்டோர் ரூம் வாசல்ல இருக்குற என்னப் பாக்குறாங்க. நான் ஏணி நோட்டப் பாக்குறேன்.

இந்த வாரம்தான் தலைவர் கூப்பிட்டாரு. “எமல்டா, குடும்பத்துக்காரங்களே எழுதிக் குடுத்துட்டாங்கன்னா கோப்ப மூடிரலாம். சுண்ணாம்பு அடிக்கிறதுக்காகக் கம்ப நாங்களேதான் எடுத்தோம், ட்ரஸ்ட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லன்னு. மூடிட்டா மழைக்கு முன்னாடி வேலையத் தொடங்கிரலாம். நீயும் பழைய எடத்துக்கு வந்துரலாம்”னாரு. டைப் அடிச்சே குடுத்துட்டாரு. இந்தா, இந்தக் கவருலதான் இருக்கு. அது கைநாட்டு வைக்க மைப்பெட்டியும் கொண்டாந்திருக்கேன்.

என்ன டீச்சர் அப்படிப் பாக்குறீங்க? சுண்ணாம்பு அடிச்சது நெசந்தானே? காத்தமுத்து திரும்பி வரப் போறானா? நாப்பத்து மூணு வீட்டுக்குள்ள நாப்பத்து மூணு குடும்பம் கெடக்கு. அத்தனையும் தலைக்கு மேல தொங்குது. ஐப்பசிக்கு இன்னும் ரெண்டு மாசம்தான். இன்னொரு வீடு விழுந்தா யாரு பதில் சொல்றது? எனக்காகவா நான் ஓடுறேன்? ஸ்டோர் ரூம்புல உக்காந்து சாவுறேனே, எனக்கென்ன, நிழலுல இருக்கேன்.

அஞ்சுகத்துக்கா? அதுக்கு என்ன கெடைக்கும்னு கேக்குறீங்களா? அது சி ஆச்சே. ரூல்ல எடம் இல்லியே. ஒரு தார்ப்பாய் வாங்கிட்டுப் போறேன், இந்தப் பையிலதான் இருக்கு. மீதிப் பாதித் தளத்துக்கு அடியிலதான் இன்னும் குடியிருக்கு. எங்கயாச்சும் போன்னா போவ மாட்டேங்குது. மறுபடி ஒரு இன்ஜினியர் வருவாருன்னு வீட்டக் கூட்டி மெழுகி வச்சிருக்காம், மலர்க்கொடி சொன்னா. கம்பு வச்சிருக்கியான்னு கேட்டாளாம். “மேடம் இன்னும் சொல்லல”ன்னுச்சாம். சிரிக்கிறதா அழுவுறதா?

சண்டைக்கு நின்னிருந்தா நான் வந்த வழியே திரும்பிருப்பேன். அதுதான் சண்டையே போடாதே! நேத்து மலர்க்கொடி போனுல கூப்பிட்டுச் சொன்னேன், “ஒரு கையெழுத்து வேணும் அஞ்சுகம்”னு. “எதுக்கு”ன்னு கேக்கல. “செரி மேடம், எங்க வந்து நிக்கட்டும்”னு கேட்டுச்சு.

ஒரு ஒத்தாசை டீச்சர். கேக்கலாமான்னு அப்பலேருந்து யோசிக்கிறேன். சாட்சிக் கையெழுத்து ரெண்டு வேணும். காலனிக்காரங்க யாரும் போட மாட்டாங்க. மலர்க்கொடி மூஞ்சத் திருப்பிக்கிறா. நீங்க ரிடையர்டு டீச்சர், உங்க கையெழுத்துன்னா ஒரு மதிப்பு. எறங்கக் கூட வேணாம். அஞ்சுகத்தப் பஸ்ஸுக்குள்ள ஏறச் சொல்றேன், கண்டக்டருகிட்ட ரெண்டு நிமிஷம் நிப்பாட்டச் சொல்றேன், உங்க கண்ணு முன்னாடியே வைக்கட்டும். பேனா கூட எங்கிட்ட இருக்கு. பொய்க் கையெழுத்து இல்லியே, அது வைக்கிறத நீங்க பாப்பீங்கள்ல?

ஏன் எந்திரிக்கிறீங்க? உங்க ஊரு இன்னும் வரலியே. முன்னாடி எடம் இல்ல டீச்சர், நின்னுக்கிட்டுத்தான் போவணும். சரி. சரி, உங்க இஷ்டம். கோவமெல்லாம் இல்ல. எல்லாரும் இப்படித்தான் எந்திரிச்சுப் போயிருவாங்க, நாங்கதான் கெடந்து மாரடிக்கணும்.

கண்டக்டர்! கொத்தங்காடு, கொத்தங்காடு நிப்பாட்டுங்க!

போறதுக்கு முன்னாடி அந்த ஜன்னல்ல மட்டும் பாத்துட்டுப் போங்க டீச்சர். அந்தப் பாலத்துக்கிட்ட, ஒத்தையில, வெயில்ல. அதுதான் அஞ்சுகம். பத்து மணிக்கு வந்து நில்லுன்னேன். ஆபீஸ்ல மீட்டிங் இழுத்துருச்சு, ரெண்டு பஸ்ஸ விட்டுட்டேன். இப்ப மணி ஒன்னு ஆவப் போவுது. பத்தடியில புங்கமரம் இருக்கு, அதுக்கு அடியில போயி நிக்கலாம்ல? நிக்காது. நான் பாலத்துக்கிட்டன்னு சொன்னேன்.